உயர்தரமா, ஆடுகளமா? கண்டி இளம் வீரர்களின் தெரிவும் அதன் சுமையும்

பல்கலைக்கழகத்துக்குப் போவதா, நேரே தொழில்முறை ஆட்டத்தில் இறங்குவதா என்ற கேள்வியை உலகத்துக்குப் பழக்கப்படுத்தியது அமெரிக்கக் கூடைப்பந்துதான். 1995இல் கெவின் கார்னெட்டும் 1996இல் கோபி பிரயண்டும் 2003இல் லெப்ரோன் ஜேம்ஸும் பள்ளியை முடித்த கையோடு என்.பி.ஏ.வுக்குச் சென்றார்கள். 2006 முதல் அந்த வாசல் மூடப்பட்டது: பத்தொன்பது வயது நிறைய வேண்டும், அமெரிக்கப் பிள்ளையாயின் பள்ளியை விட்டு ஓராண்டும் கழிய வேண்டும். 2021இல் மாணவ வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்க அனுமதி கிடைத்தபின், பல்கலைக்கழகமே சம்பாதிக்கும் இடமாகிவிட்டது. அந்த விவாதத்தை அப்படியே கண்டிக்குக் கொண்டுவருபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கே பல்கலைக்கழகம் ஆட்டத்தின் ஏணியில் ஒரு படி. பயிற்றுநர்கள் பையனின் வீடு தேடி வந்து அழைப்பார்கள். இங்கே பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதைத் தீர்மானிப்பது உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும். பாடப்புற ஆற்றலுக்கென விசேட அனுமதி உண்டென்றாலும் அது மிகச் சிறிய பங்கு.

ஆகவே கண்டியில் ஏணி பள்ளியோடு முடிகிறது. அந்தப் பள்ளி ஏணி மட்டும் அசாதாரணமான உயரம் கொண்டது. அஸ்கிரிய மைதானம் டிரினிட்டி கல்லூரிக்குச் சொந்தம். 1983 முதல் 2007 வரை அங்கே டெஸ்ட் போட்டிகள் நடந்தன. பள்ளி மாணவன் பயிற்சி எடுக்கும் மண்ணிலேயே நாட்டின் அணியும் ஆடிய நகரம் இது. அப்படிப்பட்ட இடத்தில் பதினெட்டு வயதுப் பையனுக்குத் தன் ஆற்றலைப் பற்றிய மதிப்பீடு கொஞ்சம் வீங்கியிருப்பது இயல்பே.

இங்கிருந்து எழுந்த இருவரின் பாதைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முத்தையா முரளிதரன் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பையனைப் பதினான்கு வயதில் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பள்ளிப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1990/91இன் சிறந்த பள்ளிக் கிரிக்கெட் வீரர் விருதோடு பள்ளியை விட்ட முரளி, கொழும்பின் தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்தார். பல்கலைக்கழகம் குறுக்கே வரவில்லை. 1991இல் இலங்கை 'ஏ' அணியுடன் இங்கிலாந்து சென்று ஐந்து ஆட்டங்களில் ஒரு விக்கெட்கூட எடுக்காமல் திரும்பினார். 800 டெஸ்ட் விக்கெட்டுகளை அறிந்த நாம் இதை வேடிக்கையான தகவலாகக் கடந்துவிடுகிறோம். அன்று அது ஒரு வாழ்க்கைத் தெரிவு பொய்த்துப்போகக்கூடிய தருணம். ஆனால் பொய்த்திருந்தாலும் அவர் தெருவில் நின்றிருக்கமாட்டார்: தந்தை சின்னசாமி முத்தையா பிஸ்கட் தொழில் நடத்திவந்தார். மலையகத் தமிழ்க் குடும்பங்களில் இது அரிதான பின்பலம். அதுவும் எப்போதும் பத்திரமாக இருந்ததல்ல. 1977இல் தமிழருக்கு எதிரான வன்செயலில் வீடும் தொழிற்சாலையும் எரிந்தன, குடும்பம் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. தோட்டத்து லயத்தில் வளரும் அதே திறமையுள்ள பையனுக்கு, விக்கெட் விழாத ஒரு பருவம் என்பதன் பொருளே வேறு.

குமார் சங்கக்கார டிரினிட்டியில் படித்து, 1996இல் அப்பள்ளியின் சகலதுறைச் சிறப்புக்கான ரைட் தங்கப் பதக்கத்தைப் பெற்றவர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலத் தொடங்கினார், 2000 ஜூலையில் தேசிய அணிக்குள் வந்தார், பட்டம் முடியவில்லை. தந்தை கண்டியில் சட்டத்தரணி. கிரிக்கெட் கைவிட்டிருந்தால் விரிவுரை மண்டபமும் தந்தையின் அலுவலகமும் காத்திருந்தன. 134 டெஸ்டுகளில் 12,400 ஓட்டங்கள் எடுத்தவரைப் பார்த்து, படிப்பை விட்டதால் என்ன குறைந்தது என்று கேட்பார்கள். விளைவை வைத்துத் தெரிவை நியாயப்படுத்தும் பழைய தவறு இது.

ஒருவர் பல்கலைக்கழகத்தைத் தொடாமலே போனார், மற்றவர் தொட்டுவிட்டுப் போனார். இருவருக்கும் பொதுவானது, ஆட்டம் கைவிட்டால் தாங்கிக்கொள்ள ஒரு வீடு இருந்தது. எனவே பையன் எந்த வயதில் தெரிவு செய்கிறான் என்பதைவிட, அத்தெரிவு தோற்றால் செலவை யார் ஏற்பது என்பதே ஆராயத்தக்க கேள்வி என்பது என் வாதம்.

கிரிக்கெட்டில் அச்செலவு கூடுதல். உயர்மட்டக் கழகங்கள் பெரும்பாலும் கொழும்பில். முரளி தமிழ் யூனியனுக்கும் சங்கக்கார நொண்டிஸ்கிரிப்ட்ஸுக்கும் போக வேண்டியிருந்தது; தங்குமிடமும் சாப்பாடும் குடும்பத்தின் கையிலிருந்தே. ரக்பியில் நிலைமை வேறு. 1874இல் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகம் நித்தவெலவில் இருக்கிறது. கிங்ஸ்வூட் கல்லூரியின் ஃபாசில் மரிஜா போன்றவர்கள் ஊரைவிட்டுப் போகாமலே நாட்டின் முதல்தர ஆட்டத்தை எட்டினார்கள். நித்தவெலவில் மாலைப் பயிற்சி, காலையில் பேராதனை விரிவுரை என்பது தூரக்கணக்கில் சாத்தியமே. தடுத்துவந்தது நாட்காட்டி: பள்ளி ரக்பிப் பருவம் உச்சத்தில் இருக்கும் மாதங்களை ஒட்டியே, பல ஆண்டுகள், ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை வந்தது. பள்ளி ரக்பியின் பிராட்பி கேடயத்துக்கு ஆடிய பையன் இசட் புள்ளியில் பின்தங்கியது அவன் சோம்பலால் மட்டும் அல்ல.

கூடைப்பந்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். அதை மட்டும் நம்பி வாழவைக்கும் தொழில்முறை லீக் இலங்கையில் இல்லை. திறமையுள்ளவர் முப்படை அணியிலோ வங்கி, வர்த்தக நிறுவன அணியிலோ சேர்கிறார். ஆட்டம் வேலைக்கான நுழைவுச்சீட்டு. பலரும் இதை இரண்டாந்தரத் தீர்வென்று இகழ்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோல்வியின் செலவை நிறுவனம் ஏற்கும் ஒரே ஏற்பாடு நம்மிடம் இதுதான்: முழங்கால் போனாலும் உத்தியோகம் எஞ்சும். குறை, பட்டம் வேண்டுமென்பவருக்கு இதில் வழி குறுகலாக இருப்பது.

இலவசக் கல்வி நாட்டில் பல்கலைக்கழகம் செய்யக்கூடியது பெரிய செலவுள்ளதல்ல. ஓராண்டுப் பெறுபேறு அந்த ஆண்டின் அனுமதிக்கே என்ற விதியைத் தளர்த்தி, தேசிய மட்டத்தில் தேறிய மாணவருக்குக் கிடைத்த இடத்தை மூன்று ஆண்டுகள் காத்து வைக்கலாம். இடம் வெறுமையாகக் கிடக்கும், ஏழை மாணவன் ஒருவன் அதை இழப்பான் என்பது வலுவான ஆட்சேபம். அந்த ஆண்டு இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, வீரர் திரும்பும் ஆண்டில் ஓர் இடத்தை மேலதிகமாகச் சேர்ப்பதால் அது தீரும். எண்ணிக்கை ஒரு பீடத்துக்கு ஒன்றிரண்டைத் தாண்டாது. பரீட்சை நாட்களை ரக்பிப் பருவத்திலிருந்து என்றும் விலக்கி வைத்திருப்பது இதைவிடக் கடினம், ஏனெனில் அதற்குப் பரீட்சைத் திணைக்களமும் பள்ளி விளையாட்டுச் சங்கங்களும் ஒரே மேசைக்கு வர வேண்டும்.