கல்லும் கருவியும் உடலெடையும்

சிறுநீரகக் கல்லை அகற்றுதற்கு விலாப்புறத்தை நீளக் கீறும் சத்திரசிகிச்சையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு நெடுங்காலம் வழக்கிலிருந்தது. பருத்த உடலினர்க்கு இதன் இடர் மிகுதி. வெட்டு ஆழமாயிற்று, காயம் ஆறுவது தாமதித்தது.

1976 இல் சுவீடனைச் சேர்ந்த பெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் முதுகுப்புறத் தோலிற் சிறுதுளையிட்டுக் கல்லை அகற்றும் முறையை வெளியிட்டனர். 1980 பெப்ரவரியில் மியூனிக் நகரிற் சௌசி குழுவினர், உடலைக் கீறாமலே, அதிர்ச்சி அலைகளால் நோயாளரொருவரின் கல்லை முதன்முதலாக உடைத்தனர். வெட்டு ஒழிந்தமையால் எடையின் இடரும் ஒழிந்ததெனக் கருத இடமிருந்தது. நிகழ்ந்ததோ வேறு. அலைகள் குறித்ததொரு தொலைவிலேயே குவிவன. கொழுப்புப்படை தடித்தவரிடத்துக் கல் அக்குவியத்துக்கு அப்பால் நின்றது. அலையின் வலுவும் வழியிற் குன்றியது. சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதிக் கற்களைப் பொறுத்தவரை, தோலுக்கும் கல்லுக்குமிடைத் தூரம் 10 சென்ரிமீற்றரை விஞ்சின் வெற்றி அரிதென 2005 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. எடையினும் அத்தூரமே சிறந்த அளவுகோல் என்பது இதனாற் புலனாயிற்று.

துளைவழிச் சிகிச்சையிலும் பருத்தவர்க்கு நீண்ட கருவிகள் வேண்டியிருந்தன; குப்புறக் கிடத்துதல் மூச்சை நெருக்கிற்று. பின்னர்ப் பரவிய வளையும் உள்நோக்கியும் லேசர்க் கதிரும் சிறுநீர்வழியாகவே கல்லை அடைந்தன. கொழுப்புப்படையை ஊடுருவ வேண்டாத இம்முறையில், எடையால் விளையும் வேறுபாடு பெரிதும் குறைந்தது. மயக்கமருந்தின் இடர் மட்டும் எஞ்சிற்று.

ஆகவே, பருத்தவர்க்குச் சிகிச்சை பலிக்கவில்லையெனும் கூற்று முழுமையானதன்று. உடல் மாறாதிருக்கவும் கருவி மாறியபோது விளைவும் மாறிற்று. தோல்வியின் பழியை நோயாளரின் உடல்மீது மட்டும் சுமத்துதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.