தக்கயாசு தமனியழற்சியும் கருவுறுதலும்

தக்கயாசு தமனியழற்சி என்பது பெருந்தமனியையும் அதன் முதன்மைக் கிளைகளையும் தாக்கும் அரிய, நாள்பட்ட அழற்சி நோயாகும். இதனால் தமனிச் சுவர் தடித்து உட்குழாய் ஒடுங்குகிறது. சிலருக்குச் சுவர் புடைப்பதும் உண்டு. கையில் நாடி உணரப்படாமல் போகக்கூடுமாதலால் இது 'நாடியற்ற நோய்' எனவும் அழைக்கப்படுகிறது. 1908 இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிக்கிட்டோ தக்கயாசு இந்நோயின் விழித்திரை மாற்றங்களை விவரித்தார். நோயாளிகளில் பெரும்பாலோர் 40 வயதுக்கு உட்பட்ட பெண்கள்.

இந்தியாவில்

இந்திய நோயாளிகளில் வயிற்றுப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனிகளும் அடிக்கடி ஒடுங்குவதால் உயர் இரத்த அழுத்தம் மிகுதியாகக் காணப்படுகிறது. நோயின் தீவிரத்தை அளவிட, 'ஐடாசு 2010' என்னும் மதிப்பெண் முறையை இந்திய மருத்துவர்கள் 2013 இல் வெளியிட்டனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் இதில் பங்கேற்றனர்.

இடர்கள்

கருவுறுதல் பொதுவாக அழற்சியை மோசமாக்குவதில்லை. எனினும் குருதியின் கன அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு கூடுவதால் இதயத்தின் சுமை மிகும். முன்சூல்வலிப்பு, இதயச் செயலிழப்பு, கருவின் வளர்ச்சிக் குறைவு, குறைமாதப் பிறப்பு ஆகியவை முக்கிய இடர்களாகும்.

இரத்த அழுத்தத்தை அளத்தல்

கைக்குச் செல்லும் தமனி ஒடுங்கியிருந்தால், அக்கையில் அளக்கப்படும் அழுத்தம் உண்மை அளவினும் குறைவாக இருக்கும். இதனால் ஆபத்தான உயர் அழுத்தம் இயல்பானதாகத் தோன்றக்கூடும். எனவே முதற் பரிசோதனையிலேயே இரு கைகளிலும் இரு கால்களிலும் அளந்து, ஒடுக்கமில்லாத உறுப்பு எதுவெனப் பேறுகால அட்டையில் குறிக்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் போன்ற ஊர்களில் வசிப்போர், மாதப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலும், உயர் சிகிச்சையை 2022 இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ மதுரையிலோ பெற நேரிடும். வெவ்வேறு இடங்களில் அளப்போருக்கு இக்குறிப்பே வழிகாட்டியாகும்.

மருந்துகள்

நோய் குறைந்தது ஆறு மாதங்கள் அடங்கியிருந்த பின்னர்க் கருவுறுவது நன்று. மெத்தோடிரெக்சேட்டு, மைக்கோபினோலேட்டு ஆகியன கருவுக்குத் தீங்கிழைப்பவை; மருத்துவர் அறிவுரைப்படி முன்னரே மாற்றப்பட வேண்டும். பிரெட்னிசோலோன், அசாத்தியோபிரின் ஆகியவற்றைத் தொடரலாம். எனாலாப்பிரில், லோசார்ட்டன் வகை மருந்துகள் கருவின் சிறுநீரகத்தைப் பாதிப்பதால், லேபெட்டலால், நிபெடிப்பின், மெத்தில்டோப்பா ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. முன்சூல்வலிப்பைத் தடுக்கக் குறைந்த அளவு ஆசுப்பிரின் அளிக்கப்படுகிறது. நோயாளி தாமாகவே மருந்துகளை நிறுத்துதல் ஆபத்தானது.

மகப்பேறு

அழுத்தம் கட்டுக்குள் இருப்பின் இயல்பான மகப்பேறு இயலும். கழுத்துத் தமனிகள் ஒடுங்கியிருந்தால், மயக்க மருந்தினால் அழுத்தம் திடீரெனத் தாழ்வது மூளைக்குச் செல்லும் குருதியைக் குறைக்கும். ஆதலால் மயக்கவியல் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிவித்தல் அவசியம். குருதிப்போக்கைத் தடுக்க ஆக்சிடோசின் ஏற்றது. அழுத்தத்தை உயர்த்தும் எர்கோமெட்ரின் தவிர்க்கப்படுகிறது. மகப்பேற்றுக்குப் பின்னரும் சில வாரங்கள் அழுத்தத்தைக் கண்காணிக்க வேண்டும்.