ஓநாயும் மானும் ஒரு தீவும்

ஓர் உயிர் மற்றோர் உயிரைச் சார்ந்தே வாழ்கிறது என்பது மாணவர் அனைவரும் அறிந்த உண்மை. தழையை மான் தின்கிறது. மானை ஓநாய் தின்கிறது. ஆயின், ஓநாய் குறைந்தால் மான் எவ்வளவு பெருகும், மான் பெருகினால் காடு என்னவாகும் என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. பெருங்காடுகளில் விலங்குகள் வருவதும் போவதுமாக இருக்கும். அவற்றைக் கணக்கெடுப்பது அரிது. நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவாயின் அந்தத் தொல்லை குறைவு. அத்தகைய தீவு ஒன்றின் வரலாற்றை இன்று காண்போம்.

வட அமெரிக்காவில் சுப்பீரியர் என்னும் பேரேரியில், ஏறத்தாழ 72 கிலோமீட்டர் நீளமும் 14 கிலோமீட்டர் அகலமும் உடைய ஐல் ராயல் தீவு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸ் என்னும் மான்கள் இங்கே குடியேறின. அவை நீந்தி வந்திருக்க வேண்டும் என்பர். மானினத்திலேயே மிகப் பெரியது மூஸ். கொன்று தின்னும் விலங்கு இல்லாமையால் அவை பல்கிப் பெருகின. தழை அருகியது, 1930-களில் பட்டினியால் ஏராளமான மான்கள் மாண்டன. பின்னர், 1940-களின் இறுதியில், ஏரி உறைந்திருந்த குளிர்காலத்தில், சில ஓநாய்கள் பனிக்கட்டியின் மீது நடந்தே தீவை அடைந்தன.

1958-ஆம் ஆண்டில் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் டர்வர்டு ஆலன் இங்கே ஆராய்ச்சியைத் தொடங்கினார். பத்தாண்டுகளுக்கென்று வகுத்த திட்டம் அது. அறுபது ஆண்டுகளைக் கடந்தும் நடைபெறுகிறது. குளிர்காலத்தில் சிறு விமானத்தில் பறந்து, வெண்பனியின் மேல் தெரியும் ஓநாய்களை எண்ணினர். கோடையில் காடெங்கும் நடந்து, இறந்த மான்களின் எலும்புகளைத் திரட்டினர். மானின் பல்லை அறுத்துப் பார்த்தால் மரத்தில் உள்ளதைப் போன்ற வளையங்கள் தெரியும். அவற்றைக் கொண்டு அதன் வயதைக் கணித்தனர். ஓநாய்களுக்கு இரையானவற்றுள் பெரும்பாலானவை கன்றுகளும் முதிய மான்களுமே என்பது புலனாயிற்று. முதற் பத்தாண்டோடு ஆராய்ச்சி நின்றிருந்தால், இயற்கையின் தராசு சமமாக நிற்கிறது என்றே எழுதி முடித்திருப்பார்கள்.

ஆனால் தராசு ஆடியது. 1980-இல் 50 ஓநாய்கள் இருந்தன. 1982-இல் 14 மட்டுமே எஞ்சின. நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோய் தீவுக்குள் புகுந்ததே காரணம். ஓநாய் குறையவே மான் பெருகி, 1995-இல் ஏறத்தாழ 2,400 ஆயிற்று. குளிர்காலத்தில் மானுக்கு முக்கிய உணவு பால்சம் பர் என்னும் ஊசியிலை மரம். அம்மரங்களின் வளையங்களை ஆராய்ந்தபோது, மான் மிகுந்த ஆண்டுகளில் வளர்ச்சி குன்றியிருந்தது தெரிந்தது. அடுத்து வந்த கடுங்குளிரும், உணவுப் பஞ்சமும், உண்ணிகளும் சேர்ந்து தாக்க, 1997-இல் ஏறத்தாழ 500 மான்களே மிஞ்சின.

அதே 1997-இல் கனடாவிலிருந்து ஓர் ஆண் ஓநாய் பனிக்கட்டியைக் கடந்து வந்தது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைந்து நலிந்திருந்த கூட்டத்துக்கு அது புது இரத்தம் தந்தது. ஆயினும் சில தலைமுறைகளில் எல்லா ஓநாய்களுமே அதன் வழித்தோன்றல்களாகிவிட, பழைய நலிவு மீண்டும் தலைகாட்டியது. வேறு ஓநாய்கள் வந்து கலக்க வழியில்லை. 1960-களில் அடிக்கடி உறைந்த ஏரி, தட்பவெப்பம் மாறியதால் இப்போது அவ்வாறு உறைவது அருமையாகிவிட்டது. 2016-இல் தீவில் இரண்டே ஓநாய்கள் இருந்தன.

அப்போது அறிஞரிடையே பெரும் விவாதம் எழுந்தது. இயற்கையை அதன் போக்கில் விடுவதே முறை என்றனர் ஒரு சாரார். பனிப்பாலம் உருகியதில் மனிதனுக்கும் பங்கு உண்டல்லவா, பிறகு இதனை இயற்கையின் போக்கு என்பது எப்படி என்று கேட்டனர் மறு சாரார். இறுதியில் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் 19 ஓநாய்களைப் பிடித்துக் கொணர்ந்து தீவில் விட்டனர். 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் ஓநாய்கள் ஏறத்தாழ 30. மான்கள் ஏறத்தாழ 840.

இவ்வரலாற்றை எந்தப் பத்தாண்டோடு நிறுத்திப் படித்தாலும் ஒரு முடிவு கிடைக்கும். அடுத்த பத்தாண்டு அதனைத் திருத்திவிடும். ஓநாய்க்கும் மானுக்கும் இடையே நடப்பதாகத் தோன்றிய வழக்கில் நோயும், உண்ணியும், மரமும், குளிரும் சாட்சி சொல்ல வந்தன. உயிரியல் பயிலும் மாணவர்கள், ஓர் ஆண்டுக் கணக்கைக் கண்டு தீர்ப்புச் சொல்ல விரையாமல், எண்ணிக்கொண்டே இருக்கும் பொறுமையை இத்தீவிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.