தில்லித் தனிவணிகரின் பில்

தில்லியில் கடனுக்குச் சரக்கு கொடுத்த வணிகருக்கு நெடுங்காலம் முதன்மையான ஆவணம் பில் அல்ல, பஹி. சிவப்புத் துணி அட்டையிட்டு நூலால் தைத்துக் கட்டிய நீளமான கணக்குப் புத்தகம் அது. சாந்தினி சவுக், காரி பாவ்லி, சதர் பஜார் கடைகளில் அதை எழுதியவர் முனீம். நம் ஊர்க் கணக்குப்பிள்ளைக்கு இணையானவர். அன்றாட ரொக்கத்துக்கு ரோகட் பஹி, கடன் வியாபாரத்துக்கு நகல் பஹி, ஆள்வாரியாகப் பிரித்தெழுத காதா பஹி என்று தனித்தனியே வைத்திருந்தார்கள். எழுத்து பெரும்பாலும் மகாஜனி. உயிர்க்குறிகள் இல்லாத அந்த எழுத்தைத் தொழில் பழகியவர் தவிர மற்றவர் படிப்பது அரிது. தீபாவளியன்று லட்சுமி பூஜையில் வைத்துப் புதுக் கணக்குத் தொடங்கினார்கள்.

பஹியில் ஒரு குறை இருந்தது: அதை எழுதியது பணம் கேட்கும் தரப்பு. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 34ஆம் பிரிவில் இதை வெளிப்படையாகச் சொன்னது. முறையாக எழுதிவந்த கணக்குப் புத்தகம் சாட்சியமாகும், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவரைக் கடனாளியாக்க முடியாது. ஆகவே நிலுவைத் தொகைக்குக் கீழே வாடிக்கையாளரின் கையொப்பம் தேவைப்பட்டது. காலவரையறைச் சட்டம் சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட மூன்றாண்டுகளே தந்தது. கெடு முடிவதற்குள் கையொப்பம் பெற்றால் அந்த மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். 1899ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டப்படி 20 ரூபாய்க்கு மேற்பட்ட கடனை ஒருவர் ஏட்டில் ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்தால் ஒரு அணா முத்திரை வேண்டியிருந்தது. 20 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கும் அப்படியே. ரசீதின் மூலையில் முத்திரை வில்லை ஒட்டி அதன்மேல் கையெழுத்திடும் பழக்கம் இத்தகைய முத்திரைச் சட்டங்களின் வழி வந்தது.

வெளியூர் வியாபாரத்துக்குப் பஹி போதவில்லை. 1867இல் யமுனையைக் கடந்து ரயில் தில்லிக்குள் வந்தபின் முகம் தெரியாத ஊர்களுக்கும் சரக்கு போனது. சரக்கின் விவரமும் விலையும் எழுதிய பீஜக், ரயில்வே தந்த சரக்கு ரசீதான பில்டி, அவற்றோடு பணம் தரச் சொல்லும் சீட்டான ஓர் உண்டி. உண்டிக்குப் பணம் கட்டினால்தான் வாங்குபவர் கைக்குப் பில்டி வரும். பில்டி இல்லாமல் சரக்கை எடுக்க முடியாது. கண்டதும் பணம் தரவேண்டிய தர்ஷனி உண்டியும், தவணைக்குப்பின் தரவேண்டிய முத்ததி உண்டியும் புழங்கின. செட்டிநாட்டார் பர்மாவிலும் மலாயாவிலும் நடத்திய உண்டியலுக்கு இது உறவு. 1881ஆம் ஆண்டின் செலாவணி ஆவணச் சட்டமும் இந்திய மொழிகளில் எழுதிய இத்தகைய ஆவணங்களின் உள்ளூர் வழக்கத்தில் கைவைக்கவில்லை. பணத்தை வசூலிக்கும் திறனைப் பொறுத்தவரை, பின்னாளில் வந்த எந்த பில்லும் பில்டியோடு சேர்ந்த உண்டிக்கு ஈடாகவில்லை.

பில்லைக் கட்டாயமாக்கியது விற்பனை வரி. பொது விற்பனை வரியை இந்தியாவில் முதலில் விதித்தது 1939இல் ராஜாஜியின் சென்னை மாகாண அரசு. தில்லிக்கு அது 1951இல், வங்காளத்தின் 1941ஆம் ஆண்டுச் சட்டத்தை அங்கும் நீட்டித்ததன் வழியாக வந்தது. 1975இல் தில்லிக்கென்று தனிச் சட்டம் உண்டானது. வரியோடு சேர்ந்து வந்தவை பக்கா பில்லும் கச்சா பில்லும். வரிசை எண், பதிவு எண், வரி எல்லாம் உள்ளது பக்கா. வெறும் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கித் தருவது கச்சா. கச்சா சீட்டால் வரி மிச்சமானது உண்மை. ஆனால் சரக்கு பழுதானால் வாங்கியவரிடம் சான்று இல்லை, பணம் வராவிட்டால் விற்றவரிடமும் இல்லை. இரு பக்கத்திலும் சிறியவரே அடிபட்டார்.

2005 ஏப்ரல் 1இல் மதிப்புக்கூட்டு வரி நடைமுறைக்கு வந்ததும், வாங்கும் வணிகர் தாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வரி பில்லைக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. கடைசி வாடிக்கையாளருக்கு அந்த ஆதாயம் இல்லை. அவரையும் பில் கேட்க வைக்க, பில்லைப் படம்பிடித்து அனுப்பினால் குலுக்கலில் பரிசு என்னும் திட்டத்தைத் தில்லி அரசு 2016இல் தொடங்கியது.

சரக்கு விற்காமல் உழைப்பை விற்பவர்களின் கதை வேறு. வரைகலைஞர், மொழிபெயர்ப்பாளர், கட்டடக்கலைஞர், ஆலோசகர் போன்ற தனியாட்கள் 1994இல் தொடங்கிய சேவை வரிக்குள் படிப்படியாக வந்தார்கள். பணம் கைக்கு வந்தபின் வரி என்பதே தொடக்கத்தில் விதி. 2011இல் பில் போட்ட நாளே கணக்கு என்று பொது விதி மாறியபோதும், குறிப்பிட்ட சில தொழில்களின் தனியாட்களுக்கு விலக்கு இருந்தது. 2012 முதல் 50 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குப் பணம் வந்தபின் வரி கட்டலாம் என்ற சலுகையாக அது நின்றது. 2017 ஜூலை 1இல் வந்த ஜிஎஸ்டி அந்தச் சலுகையைத் தொடரவில்லை. வாடிக்கையாளர் ஆறு மாதம் இழுத்தடித்தாலும் பில் தேதியை வைத்தே வரி. வராத பணத்துக்குத் தம் கையிலிருந்து வரி கட்டுவது பெரிய நிறுவனத்துக்குத் தாங்கும். ஒற்றை ஆளுக்கு அது மாத வாடகை.

ஜிஎஸ்டி பில்லில் 16 எழுத்துக்குள் அடங்கும் வரிசை எண் வேண்டும். சரக்குக்கு மூன்று படி, சேவைக்கு இரண்டு. 15 இலக்கப் பதிவு எண்ணில் முதலில் தில்லியின் குறியீடான 07, அடுத்த பத்து இடங்களில் உரிமையாளரின் பான் எண். கடைக்கு என்ன பெயர் வைத்தாலும், ஒற்றை உரிமையாளர் தொழிலில் பில்லின்மேல் இருப்பது அந்த மனிதரின் சொந்த எண்தான். கடனுக்கும் அவர் தம் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பு.

பில்லுக்கு உரிய நாளில் பணம் வரச் செய்யும் முயற்சி தாமதமாகவே தொடங்கியது. சிறுதொழில்களுக்கான நிலுவை வட்டிச் சட்டம் 1993இல் வந்தது. அதன் இடத்தைப் பிடித்த 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாளுக்கு மேல் தவணை கூடாது என்றது. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மூன்று மடங்கில் மாதாமாதம் கூட்டு வட்டி. ஆனால் புகார் செய்தால் அடுத்த வேலை போய்விடும் என்ற அச்சம் சட்டத்தைவிட வலுவாக இருந்தது. அதனால் அரசு, புகார் இல்லாமலே இயங்கும் வழியாக வாங்குபவரின் வரியைப் பிடித்தது. 180 நாளுக்குள் பணம் தராதவர் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியைத் திருப்ப வேண்டும். குறு, சிறு தொழிலுக்கு உரிய கெடுவுக்குள் தராத தொகையை, தந்து முடிக்கும் ஆண்டுவரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தது. தில்லியின் ஓக்லாவில் பட்டறை நடத்துபவருக்கும் வீட்டில் அமர்ந்து வரைபவருக்கும் இந்த 45 நாள் உரிமை உண்டு. வாங்கி விற்கும் மொத்த, சில்லறை வணிகர்களை 2021இல் அந்த 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொழில் பதிவுக்குள் மீண்டும் சேர்த்தபோது, வங்கிக் கடன் முன்னுரிமை மட்டுமே அவர்களுக்குக் கிடைத்தது. நிலுவை வட்டி கேட்கும் உரிமை காரி பாவ்லிக் கடைக்காரருக்கு அதில் இல்லை.