தாக்குபவனின் கூலிக் கணக்கு: செயற்கை நுண்ணறிவு ரான்சம்வேரும் சிறுதொழில்களும்

சிறுதொழில் நடத்துகிறவர்களிடம் கணினிப் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "நம்மகிட்ட என்ன இருக்குன்னு எவன் வரப்போறான்?" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். வல்லுநர்கள் இதை அறியாமைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அண்மைக்காலம் வரை அந்தப் பதிலுக்குப் பின்னால் சரியான பொருளியல் கணக்கு ஒன்று இருந்தது. தாக்குபவனுக்கு நேரம் செலவாகும். சின்ன இடத்தில் அந்தச் செலவுக்கு ஈடான வரவு கிடைக்காது. செயற்கை நுண்ணறிவு குலைத்திருப்பது இந்தக் கணக்கைத்தான். தாக்கும் முறைகள் பெரிதும் பழையவையே. தாக்குபவனின் கூலிதான் குறைந்திருக்கிறது. ஆகவே புதிய கருவிகளை வாங்கிக் குவிப்பதால் சிறுதொழில்களுக்குப் பெரிய பயனில்லை. காப்புநகலை (பேக்கப்) ஒழுங்காக எடுத்து வைப்பதும், அந்த ஒழுங்குக்கு யார் பொறுப்பு என்று தீர்மானிப்பதுமே முதல் வேலை என்பது இக்கட்டுரையின் வாதம்.

கூலிக் கணக்கைத் தெளிவாகச் சொன்னவர்களில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி ஒருவர். நைஜீரியாவிலிருந்து எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு வரும் மோசடி மின்னஞ்சல்கள் ஏன் இவ்வளவு நம்பமுடியாதபடி இருக்கின்றன என்று 2012-இல் அவர் கேட்டார். மின்னஞ்சல் அனுப்ப ஏறக்குறையச் செலவே இல்லை. பதில் போட்டவரோடு பல நாள் பேசி மசியவைப்பதில்தான் உழைப்பெல்லாம் போகிறது. கடைசியில் பணம் தராமல் விலகிவிடுகிறவர்களோடு மல்லுக்கட்டாமல் இருக்க, எதையும் நம்புகிறவர் மட்டுமே பதில் போடும்படி அந்தக் கடிதமே சல்லடையாக இருந்து சலித்துத் தருகிறது என்பது அவருடைய விளக்கம். மனித உழைப்புக்கு விலை இருந்ததால்தான் சலிக்க வேண்டியிருந்தது. பேச்சை இயந்திரமே நடத்துமானால் யாரையும் கழிக்கத் தேவையில்லை.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டு மிரட்டும் நிரலான ரான்சம்வேரின் வரலாற்றையும் இந்தக் கண்ணோடு படிக்கலாம். 1989-இல் ஜோசப் பாப் என்பவர் எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லிச் சுமார் 20,000 ஃபிளாப்பி வட்டுகளைத் தபாலில் அனுப்பினார். கணினியை முடக்கிய அந்த நிரல், 189 டாலரைப் பனாமாவில் உள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு அனுப்பச் சொன்னது. பொதுச்சாவி மறையாக்கத்தைப் பயன்படுத்தினால் பாதிக்கப்பட்டவர் தானாகத் திறக்கவே முடியாத பூட்டைப் போடலாம் என்று 1996-இல் ஆடம் யங், மோட்டி யுங் இருவரும் காட்டினார்கள். பிட்காயின் வந்ததும் பணம் வாங்கும் தொல்லையும் தீர்ந்தது. 2017 மே மாதம் வந்த வான்னாகிரை தானாகப் பரவியது. கேட்டது 300 டாலர்தான். அதற்குப் பிந்திய கும்பல்கள் கைவேலைக்கு மாறின. உள்ளே நுழைந்து, நாள்கணக்கில் தங்கி, காப்புநகல் எங்கே இருக்கிறது, நிறுவனத்தால் எவ்வளவு கொடுக்க முடியும் என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் விலை சொன்னார்கள். அவ்வளவு மெனக்கெட்டு உழைக்க, பெரிய நிறுவனம்தான் கட்டுப்படியாகும்.

2025 ஆகஸ்டில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை இந்த இடத்தில் முக்கியமானது. அந்நிறுவனத்தின் கிளாட் கோட் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு குறைந்தது 17 அமைப்புகளின் தரவைத் திருடி மிரட்டிய ஒரு குற்றவாளியை அது விவரிக்கிறது. திருடிய நிதி ஆவணங்களைப் படித்து எவ்வளவு கேட்கலாம் என்று கணிப்பதும், மிரட்டல் கடிதம் எழுதுவதும்கூட இயந்திரத்தின் வேலையாயின. நிரல் எழுதும் திறன் போதாத இன்னொருவர் இதே உதவியோடு ரான்சம்வேர் செய்து 400 முதல் 1,200 டாலர் விலைக்கு விற்றதையும் அதே அறிக்கை பதிவுசெய்கிறது. அதே மாதம் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டெடுத்த பிராம்ப்ட்லாக் என்ற ரான்சம்வேர், மொழி மாதிரியைக் கொண்டு அந்தந்தக் கணினிக்கேற்பத் தாக்குநிரலை அங்கேயே எழுதிக்கொண்டது. அது நியூயார்க் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வக முயற்சி என்று பின்னர் தெரியவந்ததால், அதை வைத்துக் கூச்சல் போட்ட தலைப்புச் செய்திகளைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கவேண்டும். கருவி செய்யும் நிறுவனம் தானே தரும் அறிக்கைக்கும் இந்தத் தள்ளுபடி பொருந்தும். ஆனால் இரண்டுமே காட்டும் திசை ஒன்றுதான்: ஒரு குழு செய்த வேலையைத் தனியாள் செய்துவிடுகிறான்.

வெரைசன் நிறுவனத்தின் 2025 தரவு மீறல் அறிக்கை தரும் எண்கள் இன்னும் கூர்மையானவை. சிறு, நடுத்தர நிறுவனங்களில் நடந்த தரவு மீறல்களில் 88 விழுக்காட்டில் ரான்சம்வேர் இருந்தது. பெரிய நிறுவனங்களில் 39 விழுக்காடு. இதைச் செயற்கை நுண்ணறிவின் விளைவு என்று சொல்லிவிட முடியாது. சிறியவர்களுக்கு இருந்த பாதுகாப்பு அதற்கு முன்பே தேயத் தொடங்கிவிட்டது என்றுதான் இதிலிருந்து கொள்ளமுடியும்.

நுழையும் வழிகளோ மாறவில்லை. பிரிட்டனில் 158 ஆண்டுப் பழமையுள்ள கே.என்.பி. என்ற லாரி நிறுவனம் 2023-இல் அகிரா என்ற ரான்சம்வேர் கும்பலிடம் சிக்கி மூடப்பட்டது. சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள். எளிதில் ஊகிக்கக்கூடிய ஒரு கடவுச்சொல் வழியாகவே உள்ளே வந்தார்கள் என்று கருதப்படுகிறது. செயற்கை நுண்ணறிவுத் தாக்குதலுக்குச் செயற்கை நுண்ணறிவுக் கவசம் என்று விற்கப்படும் மென்பொருள்கள் இந்த ஓட்டையை அடைப்பதில்லை.

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் தையல் யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னறையில் ஒரே கணினி. டேலி கணக்கு மென்பொருள், ஜி.எஸ்.டி. தளம், வாட்ஸ்அப் வெப் எல்லாம் அதில்தான். பேக்கப் என்பது கணினியின் பின்புறம் இரவுபகலாகச் செருகியே இருக்கும் பென் டிரைவ், அல்லது கூகுள் டிரைவோடு தானாக ஒத்திசையும் ஒரு ஃபோல்டர். கணினியின் கோப்புகள் பூட்டப்படும்போது பென் டிரைவும் சேர்ந்து பூட்டப்படுகிறது. பூட்டிய கோப்புகள் கூகுள் டிரைவுக்கும் ஏறிவிடுகின்றன. சாயங்காலம் வந்துபோகும் கணக்குப்பிள்ளை வீட்டிலிருந்தும் வேலை பார்க்கவேண்டும் என்று, சிஸ்டம் பார்க்கிற தம்பி ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்துவிட்டிருப்பார். அவர் பார்க்கும் மற்ற இடங்களிலும் அதே கடவுச்சொல்லாக இருந்தால் ஆச்சரியமில்லை. ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வருவதுபோலப் பிழையில்லாத தமிழில் ஒரு செய்தியை எழுதித்தர இன்று இயந்திரத்துக்குச் சில நொடிகள் போதும். தப்புந்தவறுமான மொழியைக் கண்டு மோசடியை இனங்காணும் பழைய அறிவுரை இனி உதவாது.

இந்த யூனிட்டில் டேலி போனால் என்ன போகும்? யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு போகும். சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பாக்கியைக் காட்ட லெட்ஜர் வேண்டுமே. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு அறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கவேண்டும் என்பது வேறு. திருடப்பட்ட தரவின் சந்தை விலை சொற்பமாக இருக்கலாம். உரிமையாளருக்கு அதன் விலை வேறு. "என்ன இருக்கு?" என்ற கேள்வி பிசகுவது இங்கேதான்: மிரட்டுகிறவன் விற்க வருவது அவருக்கே அவருடைய கணக்கை.

யூனிட்டுக்குள் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் என்ற வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் ரான்சம்வேரால் தாக்கப்பட்டது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அதைச் சில்லறைப் பரிவர்த்தனை வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. அதனால் கூட்டுறவு வங்கிகள், மண்டல ஊரக வங்கிகள் என ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யு.பி.ஐ. முதலிய சேவைகளை இழந்தார்கள். அந்த வங்கிகளில் எத்தனை ஒழுங்காகப் பேக்கப் எடுத்திருந்தாலும் அன்றைக்குப் பயன்பட்டிருக்காது. 2021 ஜூலையில் கசேயா என்ற மேலாண்மை மென்பொருள் வழியாக நடந்த தாக்குதலில் உலகெங்கும் 1,500 வரையிலான நிறுவனங்கள் சிக்கின; ஸ்வீடனில் கூப் கடைகள் கல்லாப்பெட்டியை இயக்கமுடியாமல் மூடின. சிறியவருக்கு வரும் ஆபத்தில் கணிசமான பங்கு அவருக்கு மேலே இருக்கும் சேவை தருநரிடமிருந்து வருகிறது. பாதுகாப்பு விரிவுரை மட்டும் கீழே இருப்பவருக்கே நடக்கிறது.

காப்புநகலைப் பொறுத்தவரை விதி எளியது. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்று எப்போதும் கணினியிலிருந்து கழற்றப்பட்டு வேறிடத்தில் இருக்கவேண்டும். எடுத்ததைத் திரும்ப ஏற்றிப் பார்க்கவேண்டும். இந்த மீட்பு ஒத்திகையைப் பலரும் செய்வதில்லை. திறக்காத காப்புநகலை நம்பியிருப்பது பேக்கப் இல்லாமலிருப்பதைவிடவும் மோசம். இருக்கிறது என்ற தைரியத்தில் வேறு முன்னேற்பாடே நடக்காது.

தரவைத் திருடி வெளியிடுவோம் என்று மிரட்டினால் காப்புநகல் என்ன செய்யும் என்ற எதிர்வாதம் வலுவானது. அதற்குப் பணம் கொடுப்பது விடையாகாது. 2024 பிப்ரவரியில் பிரிட்டன் காவல் அமைப்புகள் தலைமையில் லாக்பிட் ரான்சம்வேர் கும்பலின் சர்வர்களைக் கைப்பற்றியபோது, பணம் கொடுத்தவர்களின் தரவும் அழிக்கப்படாமல் அங்கே கிடந்தது. அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் 2.2 கோடி டாலர் கொடுத்த பிறகும் இன்னொரு கும்பல் அதே தரவைக் காட்டி மிரட்டியது. தேவையில்லாத ஆதார் நகல்களையும் பழைய ஊழியர் விவரங்களையும் கணினியில் சேர்த்துவைக்காமல் இருப்பதே சிறுதொழிலால் ஆகக்கூடிய தற்காப்பு.

அரசின் பக்கம் பார்த்தால், இந்தியக் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன், தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்று 2022 ஏப்ரலில் விதித்த விதி பெரிய வங்கிக்கும் சிறிய கம்பெனிக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறது. 2025 ஏப்ரல் முதல் 100 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள நிறுவனமும் 'சிறு' நிறுவனம்தான். தகவல் தொழில்நுட்பப் பிரிவு வைத்திருக்கும் அந்நிறுவனத்துக்காக எழுதப்படும் வழிகாட்டி, ஒற்றைக் கணினிக்காரர் கையில் படிக்கப்படாமல் கிடக்கும். பிரிட்டனின் சைபர் எசென்ஷியல்ஸ் திட்டம் 2014 முதல் ஐந்தே கட்டுப்பாடுகளைக் கேட்கிறது. 2 கோடி பவுண்டுக்குக் குறைந்த விற்றுமுதல் உள்ள நிறுவனம் முழுமையாகச் சான்று பெற்றால் இணையக் காப்பீடும் சேர்த்துத் தருகிறது. சான்றால் கைக்கு ஏதாவது கிடைக்கவேண்டும் என்ற இந்த அறிவு நம் வழிகாட்டிகளில் குறைவு.

நம்மூர்ச் சிறுதொழிலுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது கட்டாயம் வந்துபோகிறவர்கள் மூவர்: ஆடிட்டர், மென்பொருள் டீலர், கடன் தந்த வங்கி. மீட்பு ஒத்திகையை இம்மூவரின் வழக்கமான வேலையோடு கட்டுவது நடைமுறைக்கு உகந்தது. ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது கழற்றிவைத்த டிஸ்க்கிலிருந்து லெட்ஜரைத் திறந்துகாட்டச் சொல்லலாம். டீலர் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கும்போது ரிமோட் டெஸ்க்டாப் திறந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடலாம். அப்படிச் செய்துகாட்டியவருக்கு நடைமுறை மூலதனக் கடனில் வங்கி கால் விழுக்காடு வட்டியைக் குறைக்கலாம். இந்தக் கூடுதல் வேலைக்கு யார் பணம் தருவது என்று ஆடிட்டர்கள் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். திருப்பூர், கரூர், சிவகாசி போன்ற ஊர்களில் தொழில்முனைவோர் சங்கங்கள் உறுப்பினர் கட்டணத்திலிருந்து ஒத்திகைக்கான ஆளை வைத்துக்கொள்வதும், சேவை தருநரோடு செய்யும் ஒப்பந்தத்தில் முடக்கத்துக்கு இழப்பீடு தரும் பிரிவைக் கூட்டாகப் பேரம்பேசி வாங்குவதும் தனி யூனிட்டால் ஆகாதவை.