ரெய்ம்ஸ் வானில் எட்டு நாள்

ஐரோப்பாவில் விமானம் என்று எதுவும் தரையை விட்டு எழும்பும் முன்பே அதற்கான பரிசு காத்திருந்தது. 1904ஆம் ஆண்டில் எண்ணெய் ஆலை அதிபர் ஹென்றி டாய்ட்ஷ், வழக்கறிஞர் எர்னஸ்ட் ஆர்ச்டீக்கன் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 50,000 பிராங்க் பரிசை அறிவித்தார்கள். புறப்பட்டு, 500 மீட்டருக்கு அப்பால் திரும்பி, தரை தொடாமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு கிலோமீட்டர் பறந்தால் போதும். ஆனால் அந்தத் திருப்பம்தான் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தின்றது.

அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் திரும்புவதை அதற்குள் கற்றிருந்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் மணல்வெளியில் முதன்முதலாகப் பறந்த அவர்கள், 1905 அக்டோபரில் ஒரே மூச்சில் 39 கிலோமீட்டர் வட்டமடித்தார்கள். பிறகு இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் பறக்கவே இல்லை. காப்புரிமை கையில் வந்து, விற்பனை ஒப்பந்தம் உறுதியாகும்வரை இயந்திரத்தை யார் கண்ணிலும் காட்டக் கூடாது என்பது அவர்கள் முடிவு. ஆகவே ஐரோப்பியர்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இந்த நீண்ட தடுமாற்றத்தில் அவர்களை ஒரே திசையில் நடத்திச் சென்றவை பரிசுகளின் நிபந்தனைகள்தான்.

1906 அக்டோபர் 23 அன்று பாரிஸில் வாழ்ந்த பிரேசில்காரர் சாந்தோஸ் துய்மோன் சுமார் 60 மீட்டர் பறந்தார். நவம்பர் 12 அன்று 220 மீட்டர். இரண்டும் நேர்கோட்டுப் பறத்தல். அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் ஹென்றி ஃபார்மன், வுவாசேன் சகோதரர்கள் கட்டிக்கொடுத்த பெட்டி போன்ற இரட்டை இறக்கை விமானத்தோடு இசி லெ மூலினோ மைதானத்தில் மல்லுக்கட்டினார். அந்த விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க வழியில்லை. சுக்கானை மட்டும் திருப்பினால் ஒரு பக்க இறக்கை தாழ்ந்து தரையில் உரசும் அபாயம். எனவே மிக அகலமான வட்டத்தில், வழுக்குவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பப் பழகினார். 1908 ஜனவரி 13 அன்று ஒன்றரை நிமிடத்துக்குள் அந்த ஒரு கிலோமீட்டரை முடித்து 50,000 பிராங்கைப் பெற்றார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று லெ மான் அருகே ஒரு குதிரைப் பந்தயத் திடலில் வில்பர் ரைட் பறந்து காட்டினார். பறந்தது இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆனால் இறக்கைகளின் நுனியை முறுக்கி, விமானத்தைச் சாய்த்து, பறவைபோல அவர் திரும்பியதைக் கண்ட பிரெஞ்சு விமானிகள் திகைத்துப்போனார்கள். லூயி பிளேரியோவும் அன்று அங்கே இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் கற்கத் தயங்கவில்லை. ஓராண்டுக்குள் அவர்களது விமானங்களும் சாய்ந்து திரும்பின. எஞ்சினிலும் சக்கரத்திலும் அவர்கள் ஏற்கெனவே முன்னே இருந்தார்கள். ரைட் விமானம் அப்போதும் தண்டவாளத்தின் மேல் வைத்து, கோபுரத்திலிருந்து விழும் எடையால் இழுத்துவிடப்பட்டுத்தான் கிளம்பியது.

அடுத்து லண்டனின் டெய்லி மெயில் நாளேடு, ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடப்பவருக்கு 1,000 பவுன் தருவதாகச் சொன்னது. 1909 ஜூலை 19 அன்று ஹூபர்ட் லாதம் முயன்றார். நடுவழியில் எஞ்சின் நின்றுவிட, மிதந்துகொண்டிருந்த விமானத்தின் மேல் அமர்ந்து சிகரெட் பிடித்தபடி மீட்புக் கப்பலுக்காகக் காத்திருந்தார். ஆறு நாள் கழித்து பிளேரியோ, தீக்காயம் பட்ட காலோடு ஊன்றுகோலில் வந்து விமானத்தில் ஏறினார். 25 குதிரைத்திறன் எஞ்சின், திசைகாட்டி கிடையாது. சுமார் 37 நிமிடத்தில் டோவர் கோட்டைக்கு அருகே இறங்கினார்.

இந்தப் பரபரப்பு அடங்கும் முன்பே, ஒரு மாதத்துக்குள், உலகின் முதல் பெரிய பன்னாட்டு விமானப் போட்டி ரெய்ம்ஸ் நகரில் தொடங்கியது. பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய ஊர். ஷாம்பெயின் மது தயாரிப்பின் மையம். மது நிறுவனங்களே பரிசுப் பணத்தை அள்ளித் தந்தன. ஊருக்கு வெளியே பெத்தனி சமவெளியில் வயல்களின் நடுவே மேடைகள் எழுந்தன. கம்பங்கள் நட்டு 10 கிலோமீட்டர் சுற்றுப்பாதை குறிக்கப்பட்டது. 38 விமானங்கள் பெயர் கொடுத்திருந்தன, பறந்தவை 23. ஆகஸ்ட் 22 முதல் 29 வரை எட்டு நாள்.

முதல் நாள் மழையில் களம் சேறாகி, சக்கரங்கள் புதைந்தன. மாலையில் வானம் வெளுத்ததும், பார்வையாளர்கள் அதுவரை கண்டிராத காட்சி அரங்கேறியது: ஒரே நேரத்தில் பல விமானங்கள் வானில். அதற்கு முன் ஒரு விமானம் பறப்பதே செய்தியாக இருந்தது. மாநாடுகளும் கட்டுரைகளும் செய்ய முடியாததை அந்த மாலைப் பொழுது செய்தது என்றே சொல்ல வேண்டும். விமானம் நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதன்பின் சான்று தேவைப்படவில்லை.

நீண்ட தூரத்துக்கான பரிசே பெரியது. பிரெஞ்சு விமானி போலான் 131 கிலோமீட்டரும், மறுநாள் லாதம் 154 கிலோமீட்டரும் பறந்தார்கள். 27ஆம் தேதி மாலை ஃபார்மன் கிளம்பினார். கடைசி நேரத்தில் தன் விமானத்தின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, செகேன் சகோதரர்களின் புதிய ‘நோம்’ எஞ்சினைப் பொருத்தியிருந்தார். அதன் அமைப்பு விசித்திரமானது. நடுத்தண்டு அசையாமல் நிற்கும். ஏழு சிலிண்டர்களும் அதைச் சுற்றி, விசிறியோடு சேர்ந்தே சுழலும். அந்தச் சுழற்சியில் வீசும் காற்றே சிலிண்டர்களைக் குளிர வைக்கும் என்பதால் தண்ணீரும் ரேடியேட்டரும் வேண்டாம், எடை மிச்சம். உராய்வைத் தணிக்க ஊற்றியது விளக்கெண்ணெய். ஏனெனில் அது பெட்ரோலில் எளிதில் கரையாது. ஃபார்மன் ஆரவாரமின்றித் தரையை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல், இருட்டும்வரை. கணக்கில் ஏறியது 180 கிலோமீட்டர். எஞ்சின் அதுவரை நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ரெய்ம்ஸின் உண்மையான வெற்றியாளர் அந்த எஞ்சின்தான். முதல் உலகப்போர்க்கால விமானங்கள் பலவற்றிலும் அந்த வகை எஞ்சினே உறுமியது.

மறுநாள் வேகப் போட்டி. நியூயார்க் ஹெரால்டு நாளேட்டின் அதிபர் கோர்டன் பென்னட் அளித்த கோப்பைக்காக 20 கிலோமீட்டர் பறக்க வேண்டும். அமெரிக்கர் கிளென் கர்ட்டிஸிடம் இருந்தது ஒரே விமானம். அது உடைந்தால் எல்லாம் முடிந்தது என்பதால் மற்றப் போட்டிகளில் அதைப் பெரிதாகப் பணயம் வைக்காமல் காத்திருந்தார். காலையில் ஒரு சோதனைச் சுற்று. வெயிலில் காற்று கொந்தளித்து விமானத்தைத் தூக்கிப் போட்டது, ஆனால் சுற்றுக்கு எடுத்த நேரம் குறைந்திருந்தது. உடனே போட்டிக்குக் கிளம்பினார். உயரே ஏறி, அங்கிருந்து சரிந்து, அந்த வேகத்தோடு தொடக்கக் கோட்டைக் கடந்தார். 15 நிமிடம் 50 நொடி. மணிக்கு 75 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பிரிட்டனின் ஒரே போட்டியாளர் காக்பர்ன் வைக்கோல் போரில் மோதி வெளியேறினார். மாலையில் பிளேரியோ, கர்ட்டிஸுடையதைவிட வலுவான எஞ்சினோடு பறந்தார். பிரான்ஸ் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. 6 நொடிக்கும் குறைவான இடைவெளியில் கோப்பை அமெரிக்காவுக்குப் போனது.

கடைசி நாள் உயரப் போட்டியில் லாதம் 155 மீட்டர் ஏறி வென்றார். அன்றே பிளேரியோவின் விமானம் விழுந்து எரிந்தது, அவர் தப்பினார். ஆனால் ரெய்ம்ஸில் துணிச்சலால் கவனம் ஈர்த்த லெஃபேவ்ர், செப்டம்பர் 7 அன்று புதிய விமானம் ஒன்றைச் சோதிக்கையில் விழுந்து இறந்தார். எஞ்சின் விமானத்தை ஓட்டியபடி உயிரிழந்த முதல் விமானி அவர். அதே மாதம் மற்றொரு விமானி கேப்டன் ஃபெர்பேரும் மாண்டார்.

ரைட் சகோதரர்கள் ரெய்ம்ஸுக்கு வரவில்லை. அவர்களது வடிவமைப்பை ஒட்டிய விமானங்களைப் பிறர் ஓட்டினார்கள். போட்டி நடந்த அந்த ஆகஸ்ட் மாதத்தில்தான் காப்புரிமையை மீறியதாகக் கர்ட்டிஸ் மீது அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தங்கள் உரிமையைக் காக்க அவர்களுக்கு முழு நியாயம் இருந்தது. ஆயினும் ஆண்டுக்கணக்கில் நீண்ட அந்த வழக்குகள் அமெரிக்க விமானத் தொழிலை முடக்கின. திறந்த களத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருத்திக்கொண்ட பிரான்ஸ் முந்திச் சென்றது.

பரிசுகளும் அடுத்த கேள்விக்கு நகர்ந்தன. லண்டனிலிருந்து மான்செஸ்டருக்கு 24 மணி நேரத்துக்குள் செல்ல 10,000 பவுன்: 1910 ஏப்ரலில் போலானும் ஆங்கிலேயர் கிரஹாம் வைட்டும் மோதினார்கள். பின்தங்கிய கிரஹாம் வைட், கார் விளக்கு வெளிச்சத்தில் நள்ளிரவுக்குப் பின் கிளம்பிப் பறந்தும் போலானே வென்றார். கோர்டன் பென்னட் கோப்பைப் போட்டி 1913இல் மீண்டும் ரெய்ம்ஸில் நடந்தபோது, வென்ற மோரிஸ் ப்ரெவோ மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டிருந்தார். போரால் தடைபட்ட போட்டி 1920இல் கடைசியாக நடந்தது. சாதி லெகுவாந்த் வென்றார். பிரான்ஸ் தொடர்ந்து மூன்றாவது முறை வென்றதால் கோப்பை நிரந்தரமாக அதனிடமே தங்கியது.