வேறுபாட்டுப் பூட்டு

வேறுபாட்டுப் பூட்டு என்பது ஊர்தி ஒன்றின் வேறுபாட்டுப் பல்லிணையின் செயற்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலச் செய்யும் பொறியமைப்பு ஆகும். வேறுபாட்டுப் பல்லிணை பேச்சு வழக்கில் டிஃபரன்ஷியல் என்றும், அதன் பூட்டு டிஃபரன்ஷியல் லாக் என்றும் அழைக்கப்படுகின்றன. டிராக்டர்கள், சரக்குந்துகள், கரடுமுரடான நிலத்தில் செல்லும் ஊர்திகள் ஆகியவற்றில் இது பயன்படுகிறது. விளையாட்டுத் தானுந்துகளில் இதே நோக்கத்துக்காக நழுவல் கட்டுப்பாட்டுப் பல்லிணை பொருத்தப்படுகிறது. தமிழ்நாட்டில் காவிரிப் படுகையின் நன்செய் நிலங்களில் சேற்றுழவு செய்யும் டிராக்டர்களில் இதன் பயனையும் வரம்பையும் தெளிவாகக் காணலாம்.

வேறுபாட்டுப் பல்லிணை

ஊர்தி ஒன்று வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தை விட அதிகத் தொலைவு செல்ல வேண்டியுள்ளது. பின் சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டர் அகலம் கொண்ட டிராக்டர் ஒன்று வயலின் முனையில் அரைவட்டம் அடித்துத் திரும்புவதாகக் கொள்வோம். வெளிச்சக்கரம் உட்சக்கரத்தை விட ஏறக்குறைய 4 மீட்டர் கூடுதலாக உருள வேண்டும். திரும்பும் வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும் இந்த வேறுபாடு மாறாது. இரு சக்கரங்களும் ஒரே தண்டில் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தால் அவற்றுள் ஒன்று தரையில் தேய்ந்தே ஆக வேண்டும். தண்டும் முறுக்குண்டு பாதிக்கப்படும்.

இச்சிக்கலைத் தீர்ப்பதே வேறுபாட்டுப் பல்லிணையின் பணியாகும். பொறியின் ஆற்றல் பினியன் எனப்படும் சிறிய பற்சக்கரத்தின் வழியாக கிரவுன் சக்கரத்தை அடைகிறது. கிரவுன் சக்கரத்துடன் பிணைந்த கூட்டினுள் உள்ள சிறு பற்சக்கரங்கள் இடது, வலது அரைத்தண்டுகளுக்கு ஆற்றலைப் பகிர்கின்றன. கூட்டின் வேகம் எப்போதும் இரு சக்கரங்களின் வேகங்களின் சராசரியாக இருக்கும். எனவே ஒரு சக்கரம் வேகம் குறைந்தால் மற்றது அதே அளவு வேகம் கூடும். தற்காலத் தானுந்துகளில் உள்ள அமைப்பின் முன்னோடியாக, பிரான்சைச் சேர்ந்த கடிகாரப் பொறியாளர் ஒனெசிஃபோர் பெக்கர் 1827 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற அமைப்பு கருதப்படுகிறது.

திறந்த பல்லிணையின் குறைபாடு

பூட்டு இல்லாத பல்லிணை திறந்த பல்லிணை எனப்படும். இது வேகத்தை வேறுபடுத்தித் தந்தாலும், முறுக்குவிசையை இரு சக்கரங்களுக்கும் ஏறத்தாழச் சமமாகவே பகிர்கிறது. இதுவே இதன் குறைபாடும் ஆகும்.

எடுத்துக்காட்டாக, இடது சக்கரம் உளைச்சேற்றில் இருப்பதாகவும், அது நழுவாமல் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை மட்டுமே தாங்கும் எனவும் கொள்வோம். வலது சக்கரம் கெட்டியான தரையில் நிற்பதால் 2000 நியூட்டன் மீட்டர் தாங்கக்கூடியது. ஆயினும் திறந்த பல்லிணையில் வலது சக்கரத்துக்கும் ஏறத்தாழ 300 மட்டுமே கிடைக்கும். மொத்தம் 600 நியூட்டன் மீட்டரே இழுவைக்குப் பயன்படும். இதற்கு மேல் பொறியை முடுக்கினால் இடது சக்கரம் வெறுமனே சுழலும். வலது சக்கரம் அசையாது நின்றால், இடது சக்கரம் கூட்டின் வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் சுழன்று தன் கீழ் உள்ள சேற்றை வாரி எறிந்து மேலும் ஆழமாக இறங்கும்.

பூட்டு இட்டால் இடது சக்கரத்தின் 300, வலது சக்கரத்தின் 2000 ஆகிய இரண்டையும் சேர்த்து 2300 நியூட்டன் மீட்டர் வரை பயன்படுத்த முடியும். இங்கு பொறியின் ஆற்றல் கூடவில்லை. சேற்றின் பிடிப்பும் கூடவில்லை. ஏற்கனவே வலது சக்கரத்தின் கீழ் இருந்த பிடிப்பு பயனுக்கு வந்தது என்பதே உண்மை.

அமைப்பு

டிராக்டர்களில் பெரும்பாலும் பல் கொண்ட நகரும் இணைப்பி ஒன்று பூட்டாக அமைகிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது இது நகர்ந்து, ஓர் அரைத்தண்டைப் பல்லிணைக் கூட்டுடன் பிணைக்கிறது. ஒரு பக்கம் கூட்டுடன் பிணைந்தால் மறுபக்கமும் அதே வேகத்தில் சுழல்வதைத் தவிர வேறு வழியில்லை. மிதியை விட்டதும் சுருள்வில் இணைப்பியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சரக்குந்துகளில் இந்த நகர்வு அழுத்தக் காற்றினால் நிகழ்கிறது. சில ஊர்திகளில் பூட்டு தானியங்கியாக உள்ளது. 2015 இல் மேம்படுத்தப்பட்டு வெளிவந்த மகேந்திரா தார் ஊர்தியின் பின் அச்சில், சக்கரங்களின் வேக வேறுபாடு ஓர் அளவைத் தாண்டியதும் தானே பூட்டிக்கொள்ளும் அமைப்பு இடம்பெற்றது.

காவிரிப் படுகையில் பயன்பாடு

தொழி உழவு

நெல் நடவுக்கு முன் வயலில் நீர் நிறுத்தி மண்ணைக் குழைத்து உழுவது தொழி உழவு அல்லது சேற்றுழவு எனப்படும். இதனால் களைகள் மடிகின்றன, நாற்று எளிதில் ஊன்றப்படுகிறது, நீர் கீழே கசிந்து வீணாவது குறைகிறது. முற்காலத்தில் ஏர்மாடுகள் செய்த இப்பணியை இன்று பெரும்பாலும் டிராக்டர்கள் செய்கின்றன.

சேற்றின் அடியில், ஆண்டாண்டு காலமாக உழுததால் இறுகிய கடினத்தளம் ஒன்று உள்ளது. டிராக்டரின் எடையைத் தாங்குவது இத்தளமே. தளம் ஓரிடத்தில் உடைந்திருந்தாலோ, பழைய வாய்க்கால் தூர்ந்த இடமாக இருந்தாலோ ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இறங்கிவிடும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளில் பழைய பாசனப் பரப்பு பெரும்பாலும் களிமண் நிலமாகும். கல்லணைக் கால்வாயினால் பாசனம் பெறும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் மணல் கலந்த மண் மிகுதி. எனவே புதையும் சிக்கல் முன்னதில் அதிகம் எழுகிறது.

காலமும் இங்கு முக்கியமானது. மேட்டூர் அணை மரபாகச் சூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்கப்படுகிறது. நீர் இருப்பைப் பொறுத்து இந்த நாள் மாறுவதுண்டு. தண்ணீர் வந்ததும் ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் உழவு தொடங்குகிறது. ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால நெல் இரகங்களின் நாற்றுகள் ஏறக்குறைய மூன்று வாரத்தில் நடப்பட வேண்டும். குறுவை அறுவடைக்கும் தாளடி நடவுக்கும் இடையே உள்ள நாட்களோ இன்னும் குறைவு. டிராக்டர் வாடகை மணிக்கணக்கில் கொடுக்கப்படுவதால், புதைந்து நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் உழவருக்குப் பண இழப்பாகவும், நாற்று முற்றுவதாகவும் முடிகிறது.

கூண்டுச் சக்கரம்

சேற்றில் இரப்பர் சக்கரம் வழுக்குவதால், கேஜ் வீல் என வழங்கும் இரும்புக் கூண்டுச் சக்கரங்கள் பின் சக்கரங்களுக்குப் பக்கத்திலோ அவற்றுக்குப் பதிலாகவோ மாட்டப்படுகின்றன. இவற்றின் குறுக்குப் பட்டைகள் சேற்றைப் பற்றித் தள்ளுகின்றன. எடையும் அகலமான பரப்பில் பரவுகிறது. கூண்டுச் சக்கரம் பிடிப்பை உண்டாக்குகிறது. பூட்டு அப்பிடிப்பைப் பயன்படுத்துகிறது. ஒன்று மற்றதற்கு மாற்று ஆகாது. இச்சக்கரங்களுடன் தார்ச் சாலையில் ஓட்டினால் சாலை பெயர்ந்துவிடும் என்பதால் வரப்போரத்தில் அவற்றைக் கழற்றி மாட்ட வேண்டியுள்ளது.

தனிப் பிரேக்குகள்

டிராக்டரில் இடது, வலது பின் சக்கரங்களுக்குத் தனித்தனிப் பிரேக் மிதிகள் உள்ளன. ஒரு சக்கரம் வழுக்கிச் சுழலும்போது அப்பக்கத்துப் பிரேக்கை மட்டும் மெல்ல அழுத்தினால், பல்லிணை மறுபக்கத்துக்குக் கூடுதல் முறுக்குவிசையை அனுப்பும். பூட்டு இல்லாத பழைய டிராக்டர்களிலும் இம்முறை பயன்படும். சாலையில் செல்லும்போது இரு மிதிகளையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். இல்லையெனில் ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்து டிராக்டர் கவிழக்கூடும்.

இயக்கும் முறை

1. சக்கரம் வேகமாகச் சுழலும்போது பூட்டு இடக்கூடாது. கிளட்சை அழுத்தி, சக்கரம் நின்ற பின் மிதியை அழுத்த வேண்டும்.
2. தாழ்ந்த கியரில், குறைந்த வேகத்தில், நேராக மட்டுமே செல்ல வேண்டும்.
3. கெட்டித் தரையை அடைந்ததும், திரும்புவதற்கு முன் மிதியை விட்டுவிட வேண்டும்.
4. மிதியை விட்ட பின்னும் பூட்டு விடுபடாவிட்டால், திருப்புச் சக்கரத்தை இருபுறமும் சற்றே அசைத்தால் பற்களின் மீதுள்ள இறுக்கம் தளர்ந்து விடுபடும்.

பூட்டிய நிலையில் கெட்டித் தரையில் திரும்பினால் டிராக்டர் நேராகவே போக முற்படும். மேலும், பூட்டு இட்டபின் ஒரு சக்கரம் மட்டும் பற்றி நின்றால் ஏறத்தாழ முழு முறுக்குவிசையும் ஒரே அரைத்தண்டின் மீது விழுகிறது. அரைத்தண்டு முறிவதற்கும் பல்லிணையின் பற்கள் உடைவதற்கும் இது ஒரு காரணமாகும்.

பின்புறமாகக் கவிழும் இடர்

புதைந்த டிராக்டரை மீட்கும்போது பின் சக்கரங்களில் மரக்கட்டையைக் கட்டி முன்னோக்கி முடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. கட்டை சேற்றில் மாட்டிக்கொண்டு சக்கரங்கள் சுழல முடியாமற் போனால், சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய விசை டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்குகிறது. முன்பக்கம் எழுந்து, ஓரிரு நொடிகளில் டிராக்டர் ஓட்டுநரின் மீதே மல்லாந்து விழக்கூடும். கிளட்சை அழுத்தும் நேரம் கூட அவருக்குக் கிடைக்காமற் போகலாம். இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் பூட்டு இந்த இடரைக் குறைப்பதில்லை.

சக்கரங்களுக்குப் பின்னால் மண்ணைத் தோண்டிவிட்டுப் பின்னோக்கி எடுப்பது, கலப்பையைக் கழற்றி எடையைக் குறைப்பது, மற்றொரு டிராக்டரைக் கொண்டு தாழ்வான கொக்கியில் கட்டி இழுப்பது ஆகியவை பாதுகாப்பான வழிகளாகும். கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் உயிரிழப்பைத் தவிர்க்க உதவுகின்றன.

விளையாட்டுத் தானுந்துகளில்

விளையாட்டுத் தானுந்துகளில் சேறு இல்லை. ஆனால் சிக்கல் ஒன்றே. வேகமாக வளையும்போது எடை வெளிச்சக்கரத்துக்கு மாறுவதால் உட்சக்கரம் பிடிப்பிழந்து சுழல்கிறது. ஃபெர்டினண்ட் போர்ஷ வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயத் தானுந்துகளில் இவ்வாறு ஒரு பின் சக்கரம் சுழன்றதால், 1935 இல் செருமனியின் இசட்.எஃப். நிறுவனத்தைக் கொண்டு நழுவல் கட்டுப்பாட்டுப் பல்லிணை உருவாக்கப்பட்டது. இதில் உராய்வுத் தட்டுகளோ சிறப்புப் பற்சக்கரங்களோ இரு தண்டுகளின் வேக வேறுபாட்டை ஓரளவு எதிர்க்கின்றன. முழுமையாகப் பூட்டாததால் வளைவிலும் இதைப் பயன்படுத்த முடிகிறது.

வலுவான பல்லிணைக்கு மாற்றுதல்

பொறியின் ஆற்றல் கூட்டப்பட்ட தானுந்தில் பழைய பின் பல்லிணை தாங்காது என்பதால், பெரிய கிரவுன் சக்கரம் கொண்ட வலுவான பல்லிணை மாற்றிப் பொருத்தப்படுவதுண்டு. பிரித்தானியாவின் டிரையம்ஃப் எரால்டு தானுந்தின் சட்டகத்தை அடிப்படையாகக் கொண்டே 1962 இல் ஸ்பிட்ஃபயர் விளையாட்டுத் தானுந்தும், பின்னர் ஆறு உருளைப் பொறி கொண்ட ஜி.டி.6 உம் உருவாயின. அமைப்பு பொதுவானது என்பதால் ஸ்பிட்ஃபயரில் ஜி.டி.6 இன் பல்லிணையைப் பொருத்துவது ஆர்வலர்களிடையே வழக்கமாயிற்று. இதே எரால்டு, சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தால் ஸ்டாண்டர்டு எரால்டு என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. அதன் வழிவந்து 1972 இல் வெளியான ஸ்டாண்டர்டு கெசல் தானுந்தில், எரால்டின் ஊசல் அச்சுக்குப் பதிலாக ஒரே கட்டுமானமான பின் அச்சு இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை:

* கிரவுன், பினியன் இரண்டும் இணையாகவே மாற்றப்பட வேண்டும். ஒன்றைப் புதிதாகவும் மற்றதைப் பழையதாகவும் வைத்தால் இரைச்சலும் தேய்வும் ஏற்படும்.
* பற்களுக்கு இடையே விடப்படும் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் நுண்ணியது. பற்களில் சாயம் பூசிச் சுழற்றி, அவை சரியான இடத்தில் தொடுகின்றனவா எனப் பார்க்கப்படுகிறது.
* பல்லிணை விகிதம் மாறினால் ஊர்தியின் இயல்பும் மாறும். 4.1 க்குப் பதிலாக 3.7 பொருத்தினால் அதே வேகத்தில் பொறியின் சுழற்சி ஏறக்குறைய 10 விழுக்காடு குறையும். இழுவையும் அதே அளவு குறையும். கியர்ப்பெட்டியிலிருந்து இயங்கும் வேகமானி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டும்.
* உராய்வுத் தட்டு வகைக்கு அதற்கென உள்ள எண்ணெயையே பயன்படுத்த வேண்டும்.
* பல்லிணை வலுவானதும் அடுத்து வலுவற்ற உறுப்பு முறியும். எனவே அரைத்தண்டுகளையும் இணைப்புத் தண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

டிராக்டர் இதற்கு வேறு வழியைக் கையாள்கிறது. அதன் இறுதி வேகக் குறைப்பு பல்லிணைக்குப் பின்னர், சக்கரத்துக்கு அருகில் நிகழ்கிறது. முறுக்குவிசை பெருகுவது அங்கேயே என்பதால், பல்லிணையின் மீது விழும் சுமை குறைவாகவே உள்ளது. சாலை ஊர்திகளைப் பொறுத்தவரை, இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் ஊர்தியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது.

பல்லிணை இல்லாத மாற்றுகள்

பவர் டில்லர் எனப்படும் கைப்பிடி உழவு இயந்திரங்களில் பொதுவாக வேறுபாட்டுப் பல்லிணையே இல்லை. இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுழல்கின்றன. திரும்ப வேண்டிய பக்கத்துக் கிளட்சை விடுவித்துத் திருப்பப்படுகிறது. ஈர வயல்களில் நெல் அறுக்கும் பெல்ட் வகை அறுவடை இயந்திரங்கள் தம் எடையை நீண்ட பட்டைகளின் மீது பரப்புவதால் சக்கர வகைகள் புதையும் இடங்களிலும் செல்கின்றன.

வரம்புகள்

இரு சக்கரங்களும் ஒரே அளவு வழுக்கும் இடத்தில் பூட்டினால் பயன் இல்லை. பின் அச்சின் கூடு சேற்றில் அமர்ந்துவிட்டால், பூட்டு இட்டு முடுக்குவது இரு பக்கமும் குழி பறிப்பதிலேயே முடியும். அந்நிலையில் பொறியை நிறுத்திவிட்டு மண்வெட்டியை எடுப்பதே சரியான செயலாகும்.

இவற்றையும் பார்க்க

* கூண்டுச் சக்கரம்
* முறுக்குவிசை
* உராய்வு
* நெல் சாகுபடி
* கல்லணைக் கால்வாய்